காதைக் குத்தும் கண்டென்சர் மைக்கைப் பழைய யூ 67, யூ 87 ஒலிக்கு அருகே கொண்டுவருதல்

இன்று குறைந்த விலையில் கிடைக்கும் பெரிய டயஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய சவ்வு) கொண்ட கண்டென்சர் மைக்குகளில் கணிசமானவற்றுக்குள் இருப்பது, ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1960இல் வெளியிட்ட யூ 67 மைக்கின் கே 67 காப்ஸ்யூலைப் (ஒலியை மின்னலையாக மாற்றும் உறுப்பைப்) பின்பற்றிச் செய்யப்பட்ட நகலாகும். ஆனால் அந்தக் காப்ஸ்யூலுக்குப் பின்னால் உள்ள மின்சுற்று நியூமனுடையது அல்ல. ஷோப்ஸ் நிறுவனம் தன் சிறிய டயஃப்ரம் மைக்குகளுக்காக உருவாக்கிய, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சுற்றின் எளிய வடிவமே பெரும்பாலும் அங்கே காணப்படுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல வடிவமைப்புதான். இரண்டையும் சேர்த்து வைக்கும்போதுதான் காதைக் குத்தும் கூர்மை பிறக்கிறது.

கே 67 காப்ஸ்யூல் மேல் அதிர்வெண்களை வேண்டுமென்றே உயர்த்தித் தரும்படி வடிவமைக்கப்பட்டது. 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறத் தொடங்கி, 10 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அது பல டெசிபெல் அளவுக்கு மேடாகிறது. யூ 67இன் இ.எஃப். 86 வால்வுச் சுற்றில், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்த ஒரு தனிச் சுருள் வழியாக எதிர்ப் பின்னூட்டம் கொடுத்து (வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளீட்டுக்கே திருப்பி), அந்த மேட்டை அப்படியே சமன்செய்தார்கள். 1967இல் வந்த யூ 87இல் வால்வுக்குப் பதில் ஃபெட் டிரான்சிஸ்டர் வந்தது; ஆயினும் மேல் அதிர்வெண்களைப் பின்னூட்டத்தால் தணிக்கும் ஏற்பாடு அங்கேயும் தொடர்ந்தது. ஒலி பெருக்கப்படுவதற்கு முன்பே காப்ஸ்யூல் உயர்த்திக் கொடுத்ததைச் சுற்று பின்னர் தாழ்த்துவதால், சுற்று தானாக எழுப்பும் இரைச்சலும் கூடவே தாழ்கிறது என்பது இதில் கிடைக்கும் உபரி நன்மை. ஷோப்ஸ் சுற்றில் இத்தகைய தணிப்பு கிடையாது. அந்நிறுவனத்தின் காப்ஸ்யூல்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஆகவே பழைய ஒலியைத் தேடுபவர் முதலில் செய்ய வேண்டியது, விட்டுப்போன இந்தத் தணிப்பைச் சுற்றில் சேர்ப்பதே. விலையுயர்ந்த மின்தேக்கிகளை வாங்கி அடுக்குவது அதற்குப் பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால் மட்டுமே. மின்தேக்கியின் பிராண்டைப் பற்றி இரவெல்லாம் வாதிடுபவர்கள் பலர், தங்கள் மைக்கின் மேல் அதிர்வெண் வளைவை ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை என்பது என் அனுமானம்.

கையில் இருப்பது எந்தச் சுற்று?

இந்தக் கட்டுரை, மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் பேண்டம் பவரில் இயங்கும், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மைக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். தனி மின்வழங்கிப் பெட்டியோடு வரும் வால்வு மைக்குகளில் நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தேங்கி நிற்கும். போதிய பழக்கம் இல்லாதவர் அவற்றைத் திறக்கவே கூடாது.

உடலைத் திருகிக் கழற்றியதும் பலகையில் மூன்று பகுதிகளைத் தேட வேண்டும். காப்ஸ்யூலின் கம்பி வந்து சேரும் இடத்தில் ஒரு ஜேஃபெட்டும் (ஃபெட் டிரான்சிஸ்டரில் ஒரு வகை), அதைச் சுற்றி 1 கிகா ஓம் மதிப்புள்ள மின்தடைகளும் இருக்கும். அந்த ஃபெட்டின் மூன்று கால்களில் கேட் தவிர்த்த மற்ற இரண்டான டிரெயினிலும் சோர்ஸிலும் ஒரே மதிப்புள்ள இரண்டு மின்தடைகள் இருந்தால், ஒரே ஒலியலையை நேராகவும் தலைகீழாகவும் பிரித்துத் தரும் வேலையை அந்த ஃபெட் செய்கிறது என்று பொருள். அந்த இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு மின்தேக்கி கிளம்பி, எக்ஸ்எல்ஆர் முனைக்கு (கேபிள் செருகும் இடத்துக்கு) அருகே உள்ள இரண்டு பி.என்.பி. டிரான்சிஸ்டர்களின் பேஸுக்கு (அலை நுழையும் காலுக்கு) செல்லும். அந்த டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் 2என்5401 ஆக இருக்கும். தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் நடுவில் உள்ள கால் பேஸ். இந்த மூன்றும் தென்பட்டால் மேற்கொண்டு செல்லலாம். வெளியீட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தென்பட்டால் இங்கே சொல்லும் மதிப்புகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

பலகையின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, சுற்றைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு மின்தடையின் மதிப்பையும் அருகே எழுத வேண்டும். ஒரே பெயரில் விற்கும் மைக்குகளிலேயே, தயாரித்த காலத்தைப் பொறுத்துப் பலகைகள் மாறுபடுவதுண்டு. எனவே வேறொருவர் வரைந்த படத்தை நம்பி இரும்பைச் சூடேற்றுவது சரியன்று.

மாற்றத்துக்கு முன் பதிவும் அளவீடும்

மாற்றம் செய்த பிறகு கேட்கும் ஒலியை எதனோடு ஒப்பிடுவது? நினைவில் நிற்கும் ஒலியோடு ஒப்பிட்டால், செலவழித்த உழைப்பே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகவே மைக்கைத் திறப்பதற்கு முன்பே, வாயிலிருந்து 20 செ.மீ. தொலைவில் வைத்து ஒரு பத்தியைப் படித்துப் பதிவுசெய்து கொள்ள வேண்டும். ச, ஸ, ஷ ஆகிய ஒலிகள் நிறைந்த பத்தியாக அது இருந்தால் நல்லது. ‘சந்தோஷம்’, ‘சரஸ்வதி’ போன்ற சொற்களில் இருக்கும் சீறல், நாம் திருத்தப்போகும் பகுதியிலும் அதன் விளிம்பிலும்தான் விழுகிறது. சாவிக்கொத்தைக் குலுக்கும் ஓசையையும் சேர்த்துப் பதியலாம். அது 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவும். அதே மாடலில் மாற்றம் செய்யாத இன்னொரு மைக் கிடைக்குமானால் ஒப்பீடு மேலும் நம்பகமாகும்.

சுற்றை மட்டும் அளக்கவும் ஒரு வழி உண்டு. காப்ஸ்யூலின் கம்பியைப் பிரித்துவிட்டு, அது இருந்த இடத்தில் 47 அல்லது 68 பிக்கோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்து, அதன் மறுமுனையில், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து சோதனை அலையைக் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு மின்தேக்கியே காப்ஸ்யூலின் இடத்தில் நிற்கும். நேர்திசை மின்னழுத்தம் இன்டர்ஃபேஸுக்குள் புகாமலும் தடுக்கும். 10 மில்லி வோல்ட் அளவில் தொடங்கலாம். பலகையை ஏதேனும் உலோக டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மைக்கின் எர்த்தோடு இணைக்காவிட்டால், 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பார்த்தால், மாற்றம் செய்யாத ஷோப்ஸ் வகைச் சுற்று ஏறக்குறைய நேர்கோடாகவே தெரியும். சுற்று தன் அளவில் குற்றமற்றது என்பதற்கும், கூர்மை காப்ஸ்யூலிலிருந்தே வருகிறது என்பதற்கும் அந்தக் கோடே சாட்சி.

மின்னழுத்தங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பேண்டம் பவர் ஒவ்வொரு கம்பியிலும் 6.8 கிலோ ஓம் மின்தடை வழியாகவே வருவதால், மைக் மின்னோட்டத்தை இழுக்கும்போது எக்ஸ்எல்ஆரின் 2, 3ஆம் முனைகளில் 48 வோல்ட் இருக்காது. முப்பதுகளில் இருப்பது இயல்பு. முக்கியமானது, இரண்டு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருப்பது. காப்ஸ்யூலின் மின்னழுத்தத்தை அளப்பதில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 1 கிகா ஓம் மின்தடைக்கு அப்பால் அதை வைத்தால் உண்மையான அளவில் நூற்றில் ஒரு பங்கே திரையில் தெரியும். காப்ஸ்யூலுக்கு மின்சாரமே வரவில்லை என்று பதறி, நல்ல உறுப்புகளைக் கழற்றியவர்கள் உண்டு. அந்த மின்தடைக்கு முன்பக்கத்தில், அதாவது மின்சாரம் வரும் பக்கத்தில் அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

சாலிடரிங் தொடங்குமுன்

காப்ஸ்யூலின் டயஃப்ரம் ஆயிரத்தில் ஆறு மில்லி மீட்டர் அளவே தடிமன் கொண்ட, தங்கம் பூசிய மைலார் தாள். சாலிடரிலிருந்து தெறிக்கும் ஃபிளக்ஸ் என்ற பிசினின் ஒரு துளி அதன்மேல் விழுந்தால் துடைத்து எடுக்க வழியில்லை. தலைப்பகுதியை முழுதாகக் கழற்றி, சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, மேசையை விட்டே தள்ளி வைத்துவிடுவது நல்லது. காப்ஸ்யூலை வாயால் ஊதியும் பார்க்கக் கூடாது.

பேண்டம் பவரை அணைத்து, கேபிளைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்தே பலகையைத் தொட வேண்டும். சாலிடரிங் இரும்பு எர்த் இணைப்புள்ளதாக இருக்கட்டும். ஜேஃபெட்டின் கேட் நிலைமின்சாரத்தைத் தாங்காது. கேட்டும் கிகா ஓம் மின்தடைகளும் சந்திக்கும் இடத்தை விரலால் தொடவே கூடாது. வியர்வையின் உப்பும் ஃபிளக்ஸின் மிச்சமும் அந்த இடத்தில் மின்கசிவுப் பாதையாகிவிடும். பிறகு காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மைக் படபடவென்று வெடிக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சில மைக்குகள் திடீரெனப் பொரியத் தொடங்குவது இதனால்தான்.

தணிப்பைச் சேர்த்தல்

ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நேரடியாக ஒரு மின்தேக்கியைக் குறுக்கே வைத்துவிடுவது பலர் கையாளும் குறுக்குவழி. அது வேலை செய்யும். ஆனால் எந்த அதிர்வெண்ணில் தணிப்பு தொடங்கும் என்பது அந்தக் குறிப்பிட்ட ஃபெட்டின் கடத்தல் திறனைப் பொறுத்தது. ஒரு மைக்கில் சரியாக அமைந்த மதிப்பு அடுத்த மைக்கில் பொருந்தாது. மேலும், உரத்த மேல் அதிர்வெண் ஒலிகளில் அந்த மின்தேக்கியை நிரப்பவும் வடிக்கவும் ஃபெட் திணற நேரும். நான் பரிந்துரைப்பது சற்றே அதிக வேலை கொண்ட, ஆனால் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய வழி.

ஃபெட்டிலிருந்து வரும் இரண்டு இணைப்பு மின்தேக்கிகளிலும், பி.என்.பி. டிரான்சிஸ்டரின் பேஸை நோக்கியுள்ள காலை மட்டும் பலகையிலிருந்து தூக்க வேண்டும். தூக்கிய ஒவ்வொரு காலுக்கும் பலகையில் அது இருந்த துளைக்கும் இடையே 1 கிலோ ஓம், ஒரு சதவீதத் துல்லிய மெட்டல் ஃபிலிம் மின்தடை ஒன்றை நிற்க வைத்துப் பற்றவைக்க வேண்டும். பின்னர் இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ்களுக்கும் குறுக்கே 6.8 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பலகையின் அடிப்புறத்தில் வைக்கலாம். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம் வகை ஏற்றது. இடம் போதாவிட்டால் சி0ஜி வகை செராமிக் பயன்படுத்தலாம். எக்ஸ்7ஆர் போன்ற மற்ற செராமிக் வகைகள் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மதிப்பு மாறுபவை, தட்டினால் ஒலி எழுப்புபவை, எனவே ஒலி செல்லும் பாதையில் அவை கூடாது.

இரண்டு மின்தடைகளும் சேர்ந்து 2 கிலோ ஓம். ஃபெட்டின் வெளியீட்டுத் தடையாக இன்னும் சில நூறு ஓம். இவற்றோடு 6.8 நானோ ஃபாரட் சேரும்போது, ஒலி 3 டெசிபெல் தாழும் புள்ளி 9 முதல் 11 கிலோ ஹெர்ட்ஸுக்குள் விழும். 10 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ ஹெர்ட்ஸில் 1 டெசிபெல்லும், 20 கிலோ ஹெர்ட்ஸில் 7 டெசிபெல்லும் குறையும். காப்ஸ்யூலின் மேட்டோடு இந்தச் சரிவைச் சேர்த்துப் பார்த்தால், கூர்மை இருந்த இடத்தில் மிதமான பொலிவு மட்டும் மிஞ்சும்.

மின்தடையை 4.7 கிலோ ஓம் என்று உயர்த்தி, மின்தேக்கியைச் சிறிதாக்கினாலும் இதே வளைவு கிடைக்குமே என்று தோன்றலாம். வளைவு கிடைக்கும், கூடவே இரைச்சலும் கிடைக்கும். எந்த மின்தடையும் தன் மதிப்புக்கேற்ப வெப்ப இரைச்சலை எழுப்புகிறது, அமைதியான கண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சலோ ஓரிரு மைக்ரோ வோல்ட் அளவே. 4.7 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு சேர்ந்தால் அதற்கு நிகரான இரைச்சலை அவையே எழுப்பிவிடும். 1 கிலோ ஓமில் அந்தக் கூடுதல் காதுக்கு எட்டாத அளவில் நின்றுவிடுகிறது. தணிப்பு ஃபெட்டுக்குப் பின்னால் அமைவதால் ஃபெட்டின் சீறலும் மேல் பகுதியில் குறைகிறது.

20 கிலோ ஹெர்ட்ஸில் 7 டெசிபெல் போவது அதிகம், பாடலின் காற்றோட்டம் போய்விடும் என்று கருதுபவர்கள், 6.8 நானோ ஃபாரட்டுக்குப் பதிலாக 4.7 நானோ ஃபாரட் மின்தேக்கியையும், அதனோடு வரிசையாக 2.2 கிலோ ஓம் மின்தடையையும் சேர்த்துப் பேஸ்களுக்குக் குறுக்கே வைக்கலாம். அப்போது 10 கிலோ ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 டெசிபெல் தணியும்; 20 கிலோ ஹெர்ட்ஸில் 5 டெசிபெல்லோடு நின்றுகொள்ளும். பெண் குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் எனக்கு இந்த இரண்டாவது வடிவமே பிடித்திருக்கிறது. ஆண் குரலுக்கும் கிட்டாருக்கும் முதல் வடிவம் போதும்.

ஃபெட்டின் இயங்குநிலை

பல பலகைகளில் ஃபெட்டுக்கு அருகே ஒரு சிறு டிரிம்மர் (திருகி மதிப்பை மாற்றும் மின்தடை) இருக்கும். தொழிற்சாலையில் அதை அவசரத்தில் திருப்பிவிட்டு அனுப்புவதும் உண்டு. ஃபெட்டுக்கு வரும் மின்னழுத்தத்தில் கால் பங்கு சோர்ஸ் மின்தடையிலும், கால் பங்கு டிரெயின் மின்தடையிலும், மீதிப் பாதி ஃபெட்டின் குறுக்கேயும் விழும்படி அமைந்தால் ஒலியலைக்கு இருபக்கமும் அதிக இடம் கிடைக்கும். மல்டிமீட்டரில் இந்த அளவுக்குக் கொண்டுவந்த பின், மேலே சொன்ன சிறு மின்தேக்கி வழியாக 1 கிலோ ஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தி, அளவைப் படிப்படியாகக் கூட்டி, ரெக்கார்டிங் மென்பொருளில் அலையின் வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மேல் முகடும் கீழ் முகடும் ஒரே நேரத்தில் தட்டையாகத் தொடங்கும் நிலையில் டிரிம்மரை நிறுத்திவிடலாம். இன்டர்ஃபேஸின் உள்ளீடு மைக்குக்கு முன்பே முட்டிவிடாதபடி அளவைக் குறைக்கும் அதன் பேட் சுவிட்சைப் போட்டிருப்பது அவசியம்.

ஃபெட்டையே மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. புகழ்பெற்ற 2எஸ்கே170 இப்போது உற்பத்தியில் இல்லை. சந்தையில் போலிகள் நிறைந்துள்ளன. அதன் உள்ளீட்டு மின்தேக்கமும் 30 பிக்கோ ஃபாரட்; காப்ஸ்யூலின் சிறிய மின்தேக்கத்துக்கு அது சுமை. பழைய யூ 87இல் இருந்தது, பொறுக்கி எடுக்கப்பட்ட சாதாரண 2என்3819 வகை ஃபெட்தான். எப்படியும் மாற்றுவதானால் டிரிம்மரை முதலிலிருந்து சரிசெய்தே ஆக வேண்டும்.

மின்தேக்கிகள், காப்ஸ்யூல், கம்பிவலை

ஒலிப்பாதையில் மலிவான எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் இருந்தால், இடம் அனுமதிக்கும் அளவில் 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் வகைக்கு மாற்றலாம். கீழ் அதிர்வெண்களில் சிறு தெளிவு கூடும், ஆண்டுகள் கழித்து வறண்டுபோகும் கவலையும் நீங்கும். இதனால் மைக்கின் குணமே மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தேடுவது யூ 47இன் ஒலி என்றால் வழியே வேறு. 1949இல் வந்த அந்த மைக்கின் எம் 7 காப்ஸ்யூலும், அதன் இடத்துக்குப் பின்னர் வந்த கே 47உம், கே 67 போல மேல் பகுதியில் பெரிய மேட்டைக் கொண்டவை அல்ல. கே 47 வகைக் காப்ஸ்யூலை வாங்கிப் பொருத்தினால் ஷோப்ஸ் வகைச் சுற்றை அப்படியே விட்டுவிடலாம். காப்ஸ்யூலையும் மாற்றி, தணிப்பையும் சேர்த்தால், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போன்ற மந்தமான ஒலியே கிடைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தலைப்பகுதியின் கம்பிவலையில் இரண்டு மூன்று அடுக்குகள் இருக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய வலையை எடுத்துவிட்டால் ஒலி சற்றுத் திறந்து கேட்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ‘ப’ ஒலிக்கும்போது வரும் காற்றுத் தாக்குதலும், சுற்றுப்புற மின்முணுமுணுப்பும் உள்ளே வர வழி பிறக்கும். தணிப்பைச் சேர்த்து, கேட்டுப் பார்த்து, பிறகும் குறை தோன்றினால் மட்டும் அதில் கை வைக்கலாம்.

துடைத்தல், மூடுதல், கேட்டல்

வேலை முடிந்ததும் பலகை முழுவதையும், குறிப்பாக கேட் இருக்கும் பகுதியை, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் கழுவ வேண்டும். ஒருமுறை கழுவினால் ஃபிளக்ஸ் கரைந்து பரவும், அவ்வளவுதான். புதிய ஆல்கஹாலால் மறுபடியும் கழுவி, பஞ்சு இழை ஒட்டாத துணியில் ஒற்றி எடுத்தால்தான் அது வெளியேறும். மேசை விளக்கின் வெதுவெதுப்பில் சில மணி நேரம் உலரவிட்டு, அதன் பின்னரே காப்ஸ்யூலை இணைக்க வேண்டும். பேண்டம் பவர் கொடுத்ததும் மைக் உடனே நிலைக்கு வராது. கிகா ஓம் மின்தடைகள் வழியாகக் காப்ஸ்யூலும் மின்தேக்கிகளும் நிரம்பச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சமயத்தில் எழும் உறுமலைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஓரிரு நிமிடம் கழித்தும் பொரியும் ஓசை நிற்கவில்லை என்றால் மீண்டும் கழுவ வேண்டும்.

பிறகு அதே பத்தியை, அதே தொலைவில், அதே அறையில் படித்துப் பதிய வேண்டும். இரண்டு பதிவுகளின் அளவையும் அரை டெசிபெல்லுக்குள் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால், எது உரக்க ஒலிக்கிறதோ அதுவே நல்லதாகத் தோன்றும். பெயர்களை மறைத்து, வேறொருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து கேட்பது உத்தமம். ‘ஸ’ இன்னும் குத்துகிறது என்றால் முதல் வடிவத்தில் 6.8ஐ 8.2 நானோ ஃபாரட்டாக உயர்த்தலாம். குரல் பின்வாங்கி நிற்கிறது என்றால் 4.7க்கு இறக்கலாம். இந்தச் சோதனை முடியும் வரை மின்தேக்கியின் கால்களை ஒட்ட வெட்டாமல் சற்று நீளமாகவே விட்டு வைத்தால், பலகையின் செம்புத்தடம் மீண்டும் மீண்டும் சூடேறி உரிந்துவிடாது. மதிப்பு முடிவானதும் கால்களை வெட்டி, அந்த இடத்தை மட்டும் மறுபடி கழுவி, சேர்த்த உறுப்புகளின் மதிப்பையும் தேதியையும் ஒரு சிறு தாளில் எழுதி உடலின் உட்புறம் ஒட்டி, திருகை முடுக்கிவிடலாம்.